வயலை நேரில் காட்ட வேண்டும்

வயலைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர், "பின்னாடி போங்க, சேறு சொட்டுது" என்றார். இயற்கை விவசாய மானியம் வேண்டுமென்றால் வயலை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். நட்ட நாற்று இன்னும் வேர் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் வாய்க்காலில் எங்கள் முறை. தண்ணீர் வரும்போது வயல் இடத்தில் இல்லையென்றால் அது பக்கத்துச் சவரிமுத்துவின் வயலுக்குப் போய்விடும். அடுத்த முறைக்குள் நாற்று கருகிவிடும்.

வேளாண்மை அலுவலகத் தாழ்வாரத்தில் வேறு சில வயல்களும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்குள் தவளை கத்திக்கொண்டிருந்தது. அலுவலர் மீட்டிங்கில் இருந்தார். பிறகு சாப்பிடப் போயிருந்தார். பிறகு வந்து, என் வயலின் ஓரத்தைக் கிள்ளி முகர்ந்தார்.

"உரம் போடலைன்னு நல்லாத் தெரியுது. ஆனா கிழக்கேயிருந்து சுருட்டியிருக்கீங்களே?"

"வீடு அந்தப் பக்கங்க, மேடம்."

"கிழக்கேயிருந்து சுருட்டினா அது ரசாயன வயல். இயற்கைன்னா மேற்கேயிருந்து சுருட்டணும்."

"இப்பத்தானே மோந்து பார்த்தீங்க?"

"மோந்தது நான். பார்க்கப்போறது மாவட்டம்."

"சரி, இங்கயே விரிச்சுத் திருப்பிச் சுருட்டிடறேன்."

"விரிக்கறதுக்கு மாவட்ட ஆபீஸ்லேருந்து பெரியவர், ஜே.டி. சார் வரணும். திங்கட்கிழமை வருவார்."

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"வாசலைத் தாண்டினா புது வயல் ஆயிடும். மறுபடி மூணு வருஷம் உரம் போடாம இருந்து காட்டணும்."

"சாயங்காலம் தண்ணி முறை, மேடம். நாற்று செத்துப்போயிடும்."

"தண்ணி வேற டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

என் மனைவி செங்கமலத்துக்குப் போன் செய்தேன்.

"மேற்கேயிருந்து சுருட்டுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?" என்றாள். "இங்க சவரிமுத்து அண்ணன் மண்வெட்டியோட மடையிலயே நிக்கிறாரு. இருங்க, வர்றேன்."

அலுவலகம் மூடுவதற்குள் வந்துவிட்டாள். எங்கள் முறைத் தண்ணீரை நாலாக மடித்து இடுப்பில் இடுக்கியிருந்தாள். கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"இதுக்கும் ஒரு அரை டிக்கெட் போட்டுட்டான், பாவி" என்றாள்.

நான் வயலைத் தாழ்வாரத்தில் விரித்தேன். இடம் போதாமல் ஒரு மூலை அலுவலரின் அறைக்குள் போயிற்று. நாற்றுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. செங்கமலம் தண்ணீரின் மடிப்பைப் பிரித்தாள்.

அலுவலர் கணினியைப் பார்த்தபடியே செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கால்களை நாற்காலியில் தூக்கி மடக்கிக்கொண்டார்.