சொல்ற வாட்ஸ், குடுக்குற வாட்ஸ்

வேங்கிக்காலில் அந்தத் தெருவிலிருந்து யாராவது பீரோ வாங்கப் போனால் மூன்று பேராகப் போவார்கள்: புருஷன், பெண்டாட்டி, சரோஜா. சரோஜா கீழ்பென்னாத்தூரில் கடலை மண்டிக்காரர் வீட்டில் பிறந்தவள். நடை பழகும் முன்பே ‘இன்னா வெல’ என்று கேட்டவள் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. நடக்கத் தொடங்கிய பிறகுதான் கேட்டாள்.

சொன்ன விலைக்கு அவள் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. அவளுடைய வித்தை எளிதானது. பிடித்த பொருளைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். பிடிக்காததைக் கையிலெடுத்துப் புரட்டிப் புரட்டிக் குறை சொல்லுவாள். முகத்தை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி வைத்திருப்பாள். கடைக்காரன் அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாமல், தானாகவே விலையைக் குறைத்துக்கொண்டு வருவான்.

அவள் கணவர் அப்பாசாமிக்கு நேர்மாறான முகம். கலெக்டர் ஆபீசில் கிளார்க். எதைக் கண்டாலும் “அடடே” என்பார். அவருடைய ஒரு அடடேவுக்கு ஐம்பது ரூபாய் நஷ்டம் என்று சரோஜா அனுபவத்தில் கண்டிருந்தாள். அதனால் கடை என்று வந்துவிட்டால் அவர் வாசலோடு சரி.

அந்தக் குடும்பத்துக்கு ஸ்பீக்கர் வந்தது 1996 ஐப்பசியில். அப்பாசாமியின் தங்கை ரேணுகாம்பாள் பேகோபுரத் தெருவில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து டவுன் பஸ் மாதிரி கலர் கலராக விளக்கு எரியும் புது செட் ஒன்றை அனுப்பிவிட்டார். பழைய ஜப்பான் ஸ்பீக்கர்கள் இரண்டும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. மரப்பெட்டி, இடுப்பு உயரம். அவற்றோடு வந்த ஆம்ப்ளிஃபயர் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் போன வருஷமே புகைந்து போயிருந்தது; கேசட் போடும் டெக் மட்டும் மிஞ்சியிருந்தது. “எடுத்துனு போண்ணா” என்று அண்ணனுக்குக் கொடுத்தாள்.

கொடுத்த மூன்றாம் நாள் எவரோ அவளிடம், “அது இன்னா வெல பெறும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டார்கள். அவளுக்கு அப்புறம் தூக்கமில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்க வெட்கம். ஆகவே சுற்றி வளைத்து வந்தாள்.

“அண்ணி, அந்தப் பொட்டிங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் மூவாயிரத்துக்குக் கம்மியா கெடைக்காதாம். உங்களால முடியாதுன்னா சும்மா எதுக்கு எடத்த அடைச்சினு? நானே எடுத்துக்கறேன்.”

‘உங்களால முடியாது’ என்ற சொல்லை அவள் தவிர்த்திருக்கலாம். சரோஜாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“ஆயிரத்தைந்நூறுல பாட வெக்கறேன் பாரு. வர்ற ஞாயித்துக்கெழம வா. ஒரு ரூபா ஜாஸ்தி ஆனாலும் நீயே தூக்கினு போ.”

சொன்ன பிறகுதான், ஆம்ப்ளிஃபயர் என்பது உருண்டையா சதுரமா என்றே தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். அப்பாசாமி பனியன் துணியால் ஒரு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். பெட்டி வந்த நாளிலிருந்து துடைக்கிறார். ஊமையாக நின்ற அந்தப் பெட்டிகளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்காத குறை. “ஆயிரத்தைந்நூறா” என்று மட்டும், யாருக்கோ காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பது போலக் கேட்டார்.

சனிக்கிழமை காலை ஸ்பீக்கர்களை ஆட்டோவில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னாள்.

“இதுங்க எதுக்கு? ஆம்ப்ளிஃபயர மட்டும் வாங்கினு வந்தா போதாதா?” என்றார் அப்பாசாமி.

“காலை வீட்ல வெச்சிட்டுச் செருப்பு வாங்கப் போவீங்களா?”

முதல் கடை டவுனில், தேரடித் தெரு பக்கம். கண்ணாடிக் கதவு, உள்ளே மின்விசிறிக்குக் கீழே டை கட்டிய ஆள். அப்பாசாமியை ஆட்டோவில் ஸ்பீக்கர்களுக்குக் காவல் வைத்துவிட்டு சரோஜா உள்ளே போனாள். டை கட்டியவர் கறுப்பாக, பளபளப்பாக ஒன்றைக் காட்டினார்.

“ஆயிரம் வாட்ஸ், மேடம்.”

சரோஜாவுக்கு வாட்ஸ் தெரியாது. ஆனால் ஒருவன் ஒரு எண்ணைச் சொன்னால் அதற்குள் எவ்வளவு காற்று இருக்கும் என்று தெரியும்.

“சொல்ற வாட்ஸா, குடுக்குற வாட்ஸா?”

“புரியல மேடம்.”

“எங்க மண்டியில நூறு மூட்டைன்னுதான் சொல்லுவாங்க. எடை போட்டா எண்பது நிக்கும். இது எடை போட்டா எவ்ளோ நிக்கும்?”

அவர் கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “ஆயிரம்ங்கறது ஒரு செகண்டுக்கு மேடம். அதுவும் சத்தத்த முழுசா வெச்சா.”

“ரெண்டாவது செகண்டுல?”

“ஒரு நூறு வரும்.”

“ஒரு பொட்டிக்கா, ரெண்டுக்கும் சேர்த்தா?”

“சேர்த்து.”

“உங்க வீட்டுக்கு வாங்கறதா நெனச்சி சொல்லுங்க.”

“நாப்பது,” என்றார் அவர். பொய் சொல்லி அலுத்தவருக்கு உண்மையைச் சொன்னதில் ஒரு நிம்மதி தெரிந்தது.

ஆயிரத்திலிருந்து நாற்பது. விலையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஐந்து நிமிஷத்தில் இவ்வளவு இறக்கியது சரோஜாவுக்கே சாதனைதான். ஆனால் விலை மூவாயிரத்து இருநூறு.

“வாட்ஸ் எறங்கிச்சே, வெல ஏன் எறங்கல?”

அவர் சுவரில் தொங்கிய ‘ஒரே விலை’ என்ற பலகையைப் பரிதாபமாகக் காட்டினார். சரோஜா அந்தப் பலகையை, கோவிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கியும் மூவாயிரத்துக்குக் கீழே எவரும் வாய் திறக்கவில்லை. ரேணுகாம்பாள் சொன்னது சரியாக இருந்தது. அதுதான் சரோஜாவுக்கு எரிச்சல். கடைசியில் ஆட்டோக்காரர்தான் சொன்னார்: “மைக் செட்டுக்காரங்க எல்லாம் தருமன் கிட்டதான் போவாங்கம்மா. சின்னக்கடைத் தெரு சந்துல. அவரே கையால கட்டித் தருவாரு.”

தருமன் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆறடி அகலம். மூன்று சுவரிலும் தகரப் பெட்டிகள், நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் புகைந்துகொண்டிருந்த சால்டரிங் அயர்ன். தருமனுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது போய் நூல் கட்டியிருந்தார். ஸ்பீக்கரை உள்ளே தூக்கி வைத்ததும் அவர் விலை பேசவில்லை, விலாசம் கேட்கவில்லை. முன்பக்கத் துணியைக் கழற்றி, உள்ளே இருந்த காகிதக் கூம்பை இரண்டு விரலால் குழந்தையின் உச்சந்தலையைத் தொடுவது போல மெதுவாக அழுத்தினார்.

“எங்கம்மா கெடச்சிது இது?”

கண்ணில் ஆசை தெரிந்தது. சரோஜா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். விற்கிறவரும் அவர், ஆசைப்படுகிறவரும் அவரா? இந்த ஆள் ஆயிரத்து இருநூறுக்கே வருவார் என்று கணித்தாள்.

“சும்மா கெடந்துது. இதுக்கு எத்தினி வாட்ஸ் வேணும்?”

“முப்பது போதும்.”

“பெருசு வேணாமா?”

“எதுக்கு? இது கொஞ்சம் குடுத்தாலே பாடற பொட்டிம்மா. சில பேர் ஒரு காபி வாங்கிக் குடுத்தாலே ஊர்க்கதை எல்லாம் சொல்லிடுவாங்க இல்ல, அந்த ஜாதி.”

சின்னது போதும் என்று சொல்லுகிற வியாபாரியை அவள் அதுவரை கண்டதில்லை. சந்தேகம் ஜாஸ்தியானது. இதில் ஏதோ சூது இருக்க வேண்டும். இருக்கட்டும், கேட்டுப் பார்த்துக் குறை சொல்லலாம் என்று வாசல் பக்கம் கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

தருமன் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வயர்களை மாட்டினார். இரண்டு ஸ்பீக்கர்களையும் முக்காலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தள்ளி வைத்தார். ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார்.

சரோஜா வீட்டில் அதுவரை பாடியது ஒரு ரேடியோ. அதில் எல்லாம் ஒரே ஓட்டையிலிருந்து வரும், கார்த்திகை தீபத்தன்று கோபுர வாசலில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வருவது மாதிரி. இங்கே தவில் இடது பக்கம் உட்கார்ந்தது. நாதஸ்வரம் வலது பக்கம் நின்றது. இடையில், பெட்டியே இல்லாத இடத்தில், முக்காலிக்கு மேலே, ஒருவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. முக்காலிப் பக்கம் போய், குனிந்து, பின்னால் எட்டிப் பார்த்தாள். கையை நீட்டி வெறும் காற்றைத் தடவினாள். தாளம் அவள் விரல்களுக்கு நடுவில் கணீர் கணீரென்று விழுந்துகொண்டிருந்தது.

“நடுவுல யாரு?” என்று கேட்டாள்.

சத்தம் கேட்டு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த அப்பாசாமி வாசலில் நின்றார். அடடே என்று சொல்ல வாயைத் திறந்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அதில் இஸ்திரியுமில்லை, தந்திரமுமில்லை. விலை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

தருமன் அதைப் படித்துவிட்டார்.

“ஆயிரத்து எண்ணூறும்மா,” என்றார்.

சரோஜா சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டாள். “பெயிண்ட் ஒரே மங்கலா இருக்குது. இந்தத் திருகு வேற ஆடுது. இதுக்குப் போயி…”

“அம்மா,” என்றார் தருமன், மரியாதை குறையாமல். “நடுவுல யாருன்னு கேட்டுட்டீங்க. இனிமே பெயிண்டைப் பத்திப் பேசி இன்னா பிரயோஜனம்?”

ஆயிரத்து எண்ணூறு என்பது உலகத்துக்கு மலிவு. ஆனால் அந்த முந்நூறு ரூபாய்க்காக ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டியும் பேகோபுரத் தெருவுக்குத் திரும்பிவிடும். அப்பாசாமி வாசல் நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாகக் கேட்கிறவர் கேட்கிற மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு மொபட் வந்து நின்றது. பலராமன் என்பவர் இறங்கினார். பக்கத்து ஊரிலிருந்து தருமனுக்கு, ஆம்ப்ளிஃபயருக்குள் வைக்கும் டிரான்ஸ்பார்மருக்குத் தாமிரக் கம்பி சுற்றித் தருகிறவர். இரண்டு பைகளைத் தூக்கி வந்து தரையில் வைத்தார். தீபம் சீசனுக்கு இருபது உருப்படி.

“விலை ஏறிப்போச்சு தருமண்ணா. தாமிரம் விக்கிற விலையில எரநூத்து இருபதுக்குக் கம்மியா கட்டுப்படியாவாது.”

“போன தடவ நூத்தியெண்பது தானே?” என்றார் தருமன்.

“அது போன தடவ.”

“சரி, வெச்சிட்டுப் போங்க.”

ஒருவர் கண்ணெதிரில் கிணற்றில் விழுந்தால் நீந்தத் தெரிந்தவன் சும்மா நிற்பானா? சரோஜா குனிந்து பையிலிருந்த ஒன்றை இடது கையில் எடுத்தாள். முக்காலிமேல் கிடந்த பழைய டிரான்ஸ்பார்மரை வலது கையில் எடுத்தாள். இரண்டையும் மண்டியில் கடலையை எடை பார்ப்பது போல ஏற்றி இறக்கினாள். முகம் இஸ்திரிக்குத் திரும்பிவிட்டது.

“ஏங்க, வெல ஏறிச்சு சரி. எடை ஏன் எறங்கிச்சு?”

அவள் விட்டது குருட்டுக் கல். எது கனம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆனால் பலராமனின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

“யாரும்மா நீங்க?”

“வாங்க வந்தவ. தாமிரம் வெல ஏறினதால தாமிரத்தையே கம்மி பண்ணிட்டீங்க போல. அப்போ வெல எதுக்கு ஏறணும்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“சுத்து கொஞ்சம்தான் கம்மி…”

தருமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அதனாலதான் போன மாசத்துலேர்ந்து எல்லா செட்டும் முணுமுணுன்னு இரையுதா?”

அதற்கப்புறம் கால் மணி நேரம் நடந்ததை அப்பாசாமி பல வருஷம் ஆபீசில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பலராமன் தன் மகள் கல்யாணத்தைச் சொன்னார். சரோஜா வாழ்த்தினாள், விலையை விடவில்லை. பலராமன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவள் வழிவிட்டு நின்றாள். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். கடைசியில் பழைய நூற்றி எண்பதே நின்றது. சுற்று குறைந்ததைத் திரும்ப எடுத்துப்போய் முழுசாகச் சுற்றித் தருவது, மொபட் பெட்ரோல் அவருடையது.

பலராமன் போன பிறகு தருமன் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இருவது வருஷமா அந்த ஆளு கிட்ட வாங்கறேன்மா. ஒரு வாட்டியும் அவரு வாசல் வரைக்கும் போயி திரும்பி வந்ததில்ல.” பிறகு ஆம்ப்ளிஃபயரைத் துணியால் துடைத்து அவள் பக்கம் தள்ளினார். “ஆயிரத்தைந்நூறு குடுங்க.”

சரோஜாவுக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“ஆயிரத்து நானூறு,” என்று வந்தது.

தருமன் முக்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆயிரத்து நானூற்று ஐம்பது, ஸ்பீக்கர் வயர் இனாம், பில்லோடு என்று முடிந்தது.

மறுநாள் ரேணுகாம்பாள் பந்தயத்தில் தோற்கிற எண்ணமே இல்லாமல் வந்தாள். பெட்டிகளை ஏற்றிப் போக ஒரு வேனே அமர்த்திக்கொண்டு வந்திருந்தாள். பில்லை முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எப்பிடி அண்ணி?”

“வேலைக்குக் கூலி,” என்றாள் சரோஜா. “உக்காரு. காபி போடறேன்.”

அப்பாசாமி டெக்கில் ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார். ரேணுகாம்பாள் ஒரு பக்கம் கேட்டாள். மறுபக்கம் போடச் சொன்னாள். வேன் டிரைவர் எப்போது கிளம்புவது என்று கேட்க வந்தவர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அப்பாசாமியின் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரைப்படி அரிசி கூடப் போட வேண்டியிருந்தது.

வெளியே வேன் வெயிலில் நின்றது. மணிக்கு முப்பது ரூபாய் வெயிட்டிங் சார்ஜ். மூன்று மணி நேரமாக ஏறிக்கொண்டிருந்தது. அதைக் குறைத்துப் பேசச் சரோஜாவுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் பணம் ரேணுகாம்பாளுடையது. டிரைவரோ கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சரோஜா அவருக்கு இன்னொரு டம்ளர் மோர் ஊற்றிவிட்டு வந்து, இரண்டு பெட்டிக்கும் நேரே, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.