ரெண்டையும் பாத்துட்டேன்

டார்ச்சை இடது கையில் பிடித்து அத்தானுக்குப் பழக்கமில்லை. வெளிச்சம் முதலில் பேட்டரி மேல் விழுந்தது, பிறகு பெல்ட்டில், பிறகு குனிந்து நின்ற மெக்கானிக்கின் மூக்கில். அவருடைய வலது கை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது.

"அத்தான், போய் உக்காருங்களேன். தலையில மாட்டுற லைட்டு என்கிட்ட இருக்கு."

"இருக்கட்டும் மாப்ள. வீட்ல இருந்தா உங்கக்கா மூஞ்சிதான் பாக்கணும். இங்க இன்ஜின் மூஞ்சியாவது பாக்குறேன்."

வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்று உதடு மட்டும் விரிந்தது. அவனுக்குப் பட்டறை வட்டாரத்தில் 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர். இன்ஜினையே இறக்க வேண்டியிருந்தாலும் "அஞ்சு நிமிஷம், முடிச்சுடலாம்" என்பான். வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவார்கள். இந்த வண்டி விஷயத்தில் அவன் உண்மையிலேயே அஞ்சு நிமிஷத்தில் முடித்திருந்தான். அதுதான் வினையாகிப் போனது.

வண்டி அத்தானுடைய மினிவேன். முதியோர் பகல் நிலையத்துக்குக் காலையில் ஆறு பேரைக் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்பக் கூட்டிவருவது பதினோரு வருஷமாக அவர் வேலை. குளிர் தாங்காத உடம்புகள் என்பதால் ஹீட்டர் இல்லாமல் அந்த வண்டி நகராது. இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் இரண்டு ரப்பர் குழாய்கள் வழியாக ஹீட்டருக்குப் போய்த் திரும்பும். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் அது பிரிகிற இடத்தில் குழாய்க்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் இணைப்புகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் வெளியே முழுசாகத்தான் தெரியும். தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும்.

மூன்று மாதத்துக்கு முன் அதில் ஒன்று கசிந்தது. பித்தளை இணைப்புகள் இரண்டு ஒரே பாக்கெட்டில் ஜோடியாகத்தான் வரும். கசிந்ததைக் கழற்றி ஒரு பித்தளையை மாட்டினான். மற்றது முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வைப்பர் தட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதைத் தொட வேண்டுமென்றால் வைப்பர் இரண்டையும் கழற்றி, தட்டின் எட்டு போல்ட்டுகளையும் எடுத்தாக வேண்டும். அன்றைக்கு அப்படியொன்றும் தலைபோகிற அவசரம் இல்லை. இருந்திருந்தால் இப்போது மனசு கொஞ்சமாவது ஆறும். பசி நேரம், அவ்வளவுதான். கையை இடுக்கில் நுழைத்து அதைக் கட்டைவிரலால் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தான். கிண்ணென்று இருந்தது. போய்ச் சாப்பிட உட்கார்ந்தான்.

சாயங்காலம் சாவி வாங்க வந்த அத்தான் கேட்டார்: "ரெண்டையும் பாத்துட்டியா மாப்ள?"

"ரெண்டையும் பாத்துட்டேன் அத்தான்."

பட்டறையில் பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது அல்ல. 'பிரேக்கைப் பாத்துடு' என்றால் சரிசெய்துவிடு என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லும்போதே மனசுக்குள் ஒரு மூலையில், 'பொய் சொல்லலையே, பாக்கத்தானே செஞ்சேன்' என்று ஒரு குரல் முணுமுணுத்தது. மிச்சமிருந்த பித்தளையைப் பாக்கெட்டோடு மேசை இழுப்பறையில் போட்டு மூடினான். நாளைக்கு மாற்றிவிடலாம் என்றுதான் அன்றும் நினைத்தான், மறுநாளும் நினைத்தான்.

போன வாரம், ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. பின்சீட்டில் காது கேளாத கிழவர், "உள்ள யாருய்யா சிகரெட் குடிக்கிறது?" என்று சத்தம் போட்டாராம். அத்தான் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார். வெளியே ஊதக்காற்று. உள்ளே ஹீட்டர் நின்றுபோய் ஒரு அம்மாவுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. மாற்று வண்டி வர நேரமாகும் என்றார்கள். கால் மணி நேரம் பொறுத்தவர், தண்ணீர் ஊற்றினால் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். உள்ளே அடைந்துகிடந்த கொதிநீர் சீறிக்கொண்டு கையில் பாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா அவரை வறுத்தெடுத்தாள். கூடச் சேர்ந்து இவனும் திட்டினான். "சூடான மூடிய எவனாவது திறப்பானா அத்தான்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?" அதை நினைக்கும்போதெல்லாம் இவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமும் இவனிடம், பழி போடுகிற வாயும் இவனுடையது.

இப்போது வைப்பர் தட்டு கழன்று தரையில் கிடந்தது. எட்டு போல்ட்டும் கழற்ற ஆன நேரம் இருபது நிமிஷம். இருபதே நிமிஷம். முன்னால் பித்தளை பளிச்சென்று மின்னியது. அதற்குப் பின்னால், குழாயின் வாயில், கருகிப் பழுப்பேறிய பழைய பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்து நின்றது. டார்ச் வெளிச்சம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. இடுக்கியால் இழுத்தான். தூளும் துண்டுமாக உள்ளங்கையில் விழுந்தது. விரல்களை மூடிக்கொண்டான்.

இனி பயமில்லை. கிளிப் நழுவிவிட்டது, குழாய் வெடித்துவிட்டது, எதையாவது சொல்லலாம். அத்தான் நம்புவார். இவன் சொல்வதை அவர் நம்பாமல் இருந்ததே இல்லை.

"ஒழுங்கா பண்ணிக் குடு மாப்ள" என்றார் அவர். "வாங்குறவன் நம்மளத் திட்டக்கூடாது."

"வாங்குறவனா?"

"வித்துடலாம்னு இருக்கேன். நாளைக்கு நிலையத்துல போய்ச் சொல்லிடுவேன். உங்கக்காகிட்ட இன்னும் சொல்லல." டார்ச் வெளிச்சம் கீழே சரிந்து அவர் செருப்பின் மேல் விழுந்தது. "நீ அவ்வளவு கரெக்டா பாத்துக் குடுத்த வண்டி. சூடு காட்டுற முள்ளு ஏறுறத நான்தான் கவனிக்காம ஓட்டியிருக்கேன். கண்ணு போச்சு, நிதானம் போச்சு. ஆறு பேர் உசுரு மாப்ள. ராத்திரி கண்ண மூடுனா அந்தம்மா பல்லு அடிக்கிற சத்தந்தான் கேக்குது."

மெக்கானிக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது, இன்ஜினுக்கு ஒரு சேதமும் இல்லை என்று. முள் ஏறிய உடனே நிறுத்தினால்தான் அப்படித் தப்பும். வேறு யார் ஓட்டியிருந்தாலும் வெந்து போயிருக்கும். இந்த மனுஷன் கண்ணும் நிதானமும் எங்கேயும் போகவில்லை. மூடிய விரல்களுக்குள் பிளாஸ்டிக் தூள் வேர்வையில் ஒட்டியது.

நிமிர்ந்தான். கையை நீட்டி விரித்தான்.

"அத்தான், இங்க அடிங்க லைட்ட."

வெளிச்சம் தேடிக்கொண்டு வந்தது. அவர் குனிந்து பார்த்தார். பதினோரு வருஷம் அந்த வண்டியோடு இருந்தவருக்குப் பழைய சாமான் எது, புதுசு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது பழசுல்ல?"

"பழசுதான். ஒண்ணத்தான் மாத்துனேன். இத மாத்தல."

"ரெண்டையும் பாத்துட்டேன்னியே?"

"பாத்தேன் அத்தான். பாக்க மட்டுந்தான் செஞ்சேன். பசியா இருந்துச்சு, சாப்பிடப் போயிட்டேன். உங்க மேல தப்பே இல்ல. இன்ஜின் பொழச்சதே நீங்க ஓட்டுனதாலதான். எல்லாம் நான் பண்ணுனது."

டார்ச் அணைந்தது. அத்தான் திரும்பி, பட்டறை வாசல் வரை நடந்து போய் வெளியே பார்த்தபடி நின்றார். தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் பீங் பீங் என்று வெகுநேரம் கேட்டது. மெக்கானிக் விரித்த கையை மடக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றான். அடித்தால் பரவாயில்லை என்று நினைத்தான்.

"ஆஸ்பத்திரியில என்னைத் திட்டுனியே" என்றார் அவர், திரும்பாமலே.

"ஆமா."

"புத்தி மட்டுன்னியே."

அவன் கையிலிருந்த தூளைக் கீழே உதறினான். போய் மேசை இழுப்பறையைத் திறந்தான். ஆணிகளுக்கும் பழைய ஃபியூஸ்களுக்கும் நடுவே பாதி கிழிந்த பாக்கெட் அப்படியே இருந்தது. பித்தளையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு வண்டிக்கு வந்தான். கண் கலங்கி எதுவும் சரியாகத் தெரியவில்லை. குழாயின் வாயைக் கையால் தடவித் தேடினான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு மாத்தப் போறியா மாப்ள," என்றார் அத்தான், "இல்ல, இன்னிக்கும் பாக்கத்தான் போறியா?"

பக்கத்தில் டார்ச் எரிந்தது. வெளிச்சம் பேட்டரி மேல் தடுமாறி, பெல்ட்டைத் தாண்டி, இருட்டாயிருந்த அந்த இடுக்குக்கு வந்து நடுங்கியது. அவர் கட்டுப்போட்ட வலது கையை மெல்லத் தூக்கி, நடுங்கும் இடது மணிக்கட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். பற்களைக் கடித்து மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. வெளிச்சம் குழாயின் வாயில் நின்றது.