ரிசப்ஷன் பெண்ணின் கருவிழி

என் கணவருக்குக் கண் மருத்துவமனையில் வேலை. கருவிழியின் முன்பக்க வளைவை அளந்து சொல்வார். அதாவது, நாள் முழுக்க ஊரார் கண்ணை உற்றுப் பார்ப்பதற்குச் சம்பளம். வீட்டில் நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு எதிரே நின்றாலும், "சாப்பாடு ஆச்சா?" என்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நம்ம ரிசப்ஷன் பொண்ணுக்கு இன்னைக்கு அளந்தேன். கருவிழின்னா அது! மெஷின்லேர்ந்து விழுற ஒளி வட்டம் ஒவ்வொண்ணும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு."

எனக்கு வயிறு எரிந்தது. மறுசோறு கேட்டபோது பானை காலி என்றேன். பொய்தான்.

எனக்கும் கண்ணாடி பவர் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தது. இருட்டினால் ஒரு விளக்கு மூன்றாகத் தெரியும். அதையே சாக்காக வைத்து, கண்ணுக்குப் பட்டையாக மை தீட்டிக்கொண்டு மருத்துவமனைக்கே போய் அவர் முன்னால் நின்றேன்.

"மையத் துடைச்சிட்டு வா," என்றார். முதல் கோணல்.

தாடையை மெஷினின் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தினேன்.

"நடுவுல பாரு. இமைக்காத."

பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மூன்றாம் முறையும் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பிறகு எழுந்துபோய் அந்த ரிசப்ஷன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்! என்னை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் அவளை உட்கார வைத்து அளந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க, போட்டியா வைக்கிறீங்க? அவ கண்ணுதான் அழகு. ஒத்துக்கிறேன், போதுமா?"

அவர் அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றார். "கெட்டுப்போயிருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் அவளக் கூப்பிட்டேன். உன் கருவிழி மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னால தள்ளுது. இனிமே முத்தாம நிறுத்தப் பார்க்கலாம். ஆனா இத எப்பவோ கண்டுபிடிச்சிருக்கணும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஊர்ல இருக்கிற கண்ணையெல்லாம் பார்த்தேன். உன் கண்ணை ஒருநாள்கூடப் பார்க்கல."

வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வசனம் அதுதான். அதைச் சொல்லி அவரை அழவைக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.