நான்காம் வகுப்பில் தங்கிவிட்ட குரல்கள்

பர்மாவில், யாங்கோன் நகரின் இன்சீன் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஆரம்பப் பள்ளியில், இரண்டு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேரும் தங்கள் குரலை வகுப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மழைக்காலம் என்பதால் குடையை யாரும் மறக்கவில்லை. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், பை எல்லாம் ஒழுங்காக வீடு சேர்ந்தன. காய்ச்சல் இல்லை, தொண்டையில் புண் இல்லை. டாக்டர் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, உள்ளே ஆள்தான் இல்லை என்றார். பூட்டிய வகுப்புக்குள் நாற்பத்து மூன்று குரல்களும் ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தன: பள்ளியில் நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், என் ஆசிரியர் என்னை மதிக்கிறார், எனக்கு நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். இப்படி இருபத்து நான்கு வாக்கியங்கள். முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம் ஓய்வு, பிறகு மறுபடி முதலிலிருந்து. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் முதல் நாள் கையில் கோப்பையோடு தெருவுக்கு வந்து திகைத்து நின்றார்கள். மூன்றாம் நாள் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள்.

அந்த இருபத்து நான்கு வாக்கியங்களையும் பள்ளிக்குள் கொண்டுவந்தவள் விஜயகுமாரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய மாணவர் நலவாழ்வு ஆய்வுக்காக, யாங்கோன் பள்ளிகளில் கேள்வித்தாள் கொடுத்து வாங்கும் வேலை அவளுக்கு. கணவன் சுரேந்திரன் தாய்லாந்தில் மீன் தொழிற்சாலையில் இருந்தான். மூன்று வருடத்தில் நாலாயிரத்து நூறு பிள்ளைகளைக் கேட்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து முகங்கள், அழுகிற முகத்தில் தொடங்கிப் பல் தெரியச் சிரிக்கிற முகம் வரை. பிள்ளை தனக்குப் பொருந்துகிற முகத்தில் வட்டம் போட வேண்டும். எந்தப் பிள்ளை பொய்யாக வட்டம் போடுகிறது என்று பென்சில் பிடிக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பேர் இருந்தது. அவள் மகள் பவானி அந்த நான்காம் வகுப்பில்தான் படித்தாள். சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் போய்க் கேட்கக் கூடாது என்பது விதி. விதியை அவள் மீறவில்லை. வேறொரு பெண்தான் போனாள்.

ஆனால் மூன்று வாரம் முன்பே பள்ளி வாசலில் வைத்து, கேள்வித்தாளின் நகல் ஒன்றை வகுப்பாசிரியை டா நு நுவிடம் விஜயகுமாரி கொடுத்திருந்தாள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பர்மியர்கள் அனாடே என்பார்களே, அடுத்தவரைச் சங்கடத்தில் விட்டுவிடுவோமோ என்று வயிற்றுக்குள் எழும் கூச்சம், நாலு தலைமுறையாக அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த தமிழர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. மகளின் சயாமா, அதாவது டீச்சர், முன்னறிவிப்பில்லாமல் வெளியாட்கள் முன் திணறக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான். டா நு நு அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் பாடம் சொன்னவர். அவர் வகுப்பில் எவரும் தவறியதில்லை. முன்கூட்டியே கேள்வி வந்தால் அதை நடத்திவிட வேண்டியது ஆசிரியரின் கடமை அல்லவா? சரியான பதில் எது என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சிரிக்கிற முகத்தை விட்டுவிட்டு அழுகிற முகத்தை எந்தச் சயாமா சொல்லிக்கொடுப்பார்? கரும்பலகையில் எழுதிப் போட்டார். பிள்ளைகள் நெஞ்சில் கை கட்டிக்கொண்டு, கூட்டல் வாய்ப்பாட்டைக் கத்துவது போலவே, காலையும் மாலையும் அடித்தொண்டையில் கத்தி மனப்பாடம் செய்தார்கள். குறித்த வியாழக்கிழமை நாற்பத்து மூன்று பேரும் எல்லாச் சிரிப்பு முகங்களிலும் வட்டம் போட்டுவிட்டு, மணி அடித்ததும் சத்தமே இல்லாமல் வெளியே வந்தார்கள்.

இத்தனை மதிப்பெண் எந்த ஊரிலும் எந்தப் பள்ளியும் வாங்கியதில்லை. பபேடானில் இருந்த ஆய்வு அலுவலகத்தின் மேற்பார்வையாளர் பிரேம்நாத்துக்குச் செய்தி போனபோது, பேச்சு போன பிள்ளைகளைப் பற்றி எழுதக் கேள்வித்தாளில் இடம் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். மனிதர் கெட்டவர் அல்ல. ஒழுங்கானவர், அதுதான் தொல்லை. அடுத்த வாரம் அவர் கூட்டி வந்த வெளிநாட்டு விருந்தினர் இருவர் சாத்திய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பிள்ளைகள் எவ்வளவு உற்சாகமாகப் படிக்கிறார்கள் என்று கேட்டு மகிழ்ந்து, கதவைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

விஜயகுமாரிக்கு மகளின் குரல் போனது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். கோழிக்கடையில் நின்றபோது, அதே வகுப்பில் படிக்கும் அஷ்ஃபாக்கின் அம்மா ஃபஹீமா பக்கத்தில் வந்தாள்.

"பவானிக்கு எப்பிடி இருக்கு குமாரிக்கா? எம் மவன் இன்னும் வாயே தொறக்கல."

"அவளுக்கு என்ன?"

"வெளாடாதீங்கக்கா. நாலாங்கிளாஸ் புள்ள ஒண்ணுக்கும் பேச்சு இல்ல. இன்னையோட நாலு நாளு."

கோழியை வாங்காமலே விஜயகுமாரி வீட்டுக்கு நடந்தாள். வியாழக்கிழமை மாலை, சாப்ட்டியா என்று கேட்டிருந்தாள். பதில் வந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். வெள்ளிக்கிழமை, வீட்டுப்பாடம் முடிஞ்சிருச்சா என்று கேட்டாள். அதற்கும் பதில் வந்ததாகவே ஞாபகம். சனிக்கிழமை முழுக்க மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மிங்கலாடோன் பகுதிப் பிள்ளைகள் இருநூற்று எண்பது பேர் பதினொன்றாம் வாக்கியத்துக்குப் போட்ட வட்டங்களை அவள் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வருத்தமாக இருந்தால் நான் சொல்வதைக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது என்பது அந்த வாக்கியம். அந்த மூன்று நாட்களில் மகள் சொன்னதாக அவள் நினைத்திருந்த பதில்கள் எல்லாம் அவளே மனதுக்குள் நிரப்பிக்கொண்டவை.

வீட்டில் பவானி படிக்கட்டில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். "பேசு கண்ணு" என்றாள் விஜயகுமாரி. பிள்ளையின் உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டபோது நாலு விரலைக் காட்டிவிட்டு மறுபடி பென்சிலைச் சீவினாள். அந்த முகத்தில் பயமே இல்லை. பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஏற்கெனவே பழகிவிட்ட முகம் அது. அதைப் பார்த்ததும் விஜயகுமாரி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை டா நு நு கண் வீங்கிப் போய் வந்து பூட்டைத் திறந்தார். காலியான பெஞ்சுகளிலிருந்து நாற்பத்து மூன்று குரல்களும் ஓங்கி ஒலித்தன. விஜயகுமாரி நடுவில் நின்று காது கொடுத்தாள். தன் மகளுடையது எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பத்து வருடம் வீட்டில் இருந்த குரல். ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து குனிந்து கேட்டாள், இதுவோ என்று நினைத்தால் அது வேறு பிள்ளை. "பவானி" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். எந்தக் குரலும் வரிசையை விட்டு வரவில்லை. இந்த வகுப்பில் அந்தப் பெயரில் யாரும் இல்லையே என்று டா நு நு பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார். அங்குள்ள தமிழர்களுக்கு வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கு ஒரு பர்மியப் பெயர். ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் பிரித்து, "மா நிலார் வின்" என்று படித்தார். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரத்திலிருந்து "ஷின்" என்று, ஆஜர் சொல்வது போல, ஒரு குரல் வந்தது. விஜயகுமாரி நினைத்து வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கனமான குரல்.

அவள் அந்தப் பெஞ்சில் இடுக்கி உட்கார்ந்து, பதினொன்றாவதைக் கேட்டாள். ஆமாம், எப்போதும் என்றது குரல். மறுபடி கேட்டாள், அதே பதில். மூன்றாம் முறை கேட்கக் கூடாது, அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கேட்க வேறு கேள்வி அவளிடம் இல்லாததால் சும்மா இருந்தாள். மழை பெய்து நின்றது. மற்ற குரல்கள் ஐந்து சுற்று முடித்தன. ஆறாவது சுற்றில் ஜன்னலோரத்துக் குரல் மட்டும் பாதியில் நின்று தமிழில் பேசியது.

"அம்மா, நான் கக்கூசுல நின்னுதான் சோறு திங்கறேன்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து. கொழம்பு நாறுதுன்னாங்க. கலான்னு சொல்லி டப்பாவத் தள்ளிவுட்டாங்க. அன்னைலேர்ந்து."

கலா என்பது இந்திய முகத்தைக் கண்டால் அங்கே சிலர் வீசும் வசவு. டா நு நுவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். அவர் கையிலிருந்த பதிவேடு கீழே விழுந்தது. அந்த இரண்டு வருடமும் இதே கட்டடத்தில் பாடம் நடத்தியவர், எடுக்கக்கூட மறந்து நின்றார்.

"ஏன் தங்கம் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். நீ 'ம்'னு சொன்ன."

"வீட்டுக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னாள் விஜயகுமாரி.

"அங்க வந்து என்ன பண்ண? இங்கயாச்சும் டீக்கடக்காரங்க கேக்கறாங்க."

செய்தி பரவி மற்றப் பெற்றோரும் வரத் தொடங்கினார்கள். உட்கார்ந்து கேட்கிற பொறுமை உள்ளவர்களின் பிள்ளைக் குரல்கள் முதலில் வீடு திரும்பின. அஷ்ஃபாக்கின் குரல் ஆறு நாளில் ஃபஹீமாவோடு போனது. காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிய தகப்பன்மாரும் உண்டு, அவர்களும் பிறகு வந்தார்கள். அந்த மாதம் அந்த வகுப்பில் சொல்லப்பட்டவற்றை இங்கே எழுத முடியாது. தீபாவளிக்குள் நாற்பத்திரண்டு குரல்கள் போய்ச் சேர்ந்தன. டா நு நு இப்போதெல்லாம் மதியம் பிள்ளைகள் நடுவில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், யார் டப்பாவில் என்ன இருந்தாலும் ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்கிறார். ஆய்வறிக்கை அச்சாகி வந்தது. அதில் இந்தப் பள்ளிக்குத்தான் முதலிடம்.

பவானியின் குரல் மட்டும் வரவில்லை. விஜயகுமாரி ஆய்வு வேலையை விட்டுவிட்டு, இன்சீன் சந்தையில் ஒரு துணிக்கடையில் காலை நேரம் மட்டும் நிற்கிறாள். பவானி ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள், எழுதிக் காட்டியே சமாளிக்கிறாள். தினமும் மாலை மூன்றரைக்குத் தாயும் மகளும் பழைய வகுப்புக்கு வருகிறார்கள். மகள் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்கிறாள், குரல் ஜன்னலோரத்திலிருந்து அன்றன்றைக்கு உள்ளதைச் சொல்கிறது. பள்ளிக் கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு நேரே 'நிலாரின் அம்மா' என்று எழுதியிருக்கிறார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியைகூட அதை ஏன் என்று கேட்கவில்லை. போன மாதம் சந்தைக்குள் வெள்ளம் புகுந்து, விஜயகுமாரி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். குரல் கோபத்தில் அவளைத் திட்டித் தீர்த்தது, பழையதையெல்லாம் எடுத்துச் சொல்லித் திட்டியது. அவள் ஈரச் சேலையோடு பெஞ்சில் உட்கார்ந்து, கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள்.