‘சரி’ சொல்லாத ஊர்

ஊசிப்பாறைக்காரர்கள் போனில் ‘சரி’ என்று சொல்லவே மாட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து அந்த ஊருக்கு ஏறும் மலைச்சாலை மழைக்கு மழை சரிகிறது. ஒருமுறை ஊர்க்காரர் மாரிசாமி பேச்சை முடிக்க “சரி” என்று சொல்லப்போக, மறுமுனையில் இருந்தவர் சாலை சரிந்துவிட்டது என்று எண்ணி, மிச்சத்தைக் கேட்காமலே பால்வண்டியைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து எதற்கும் “ஆகட்டும்”தான்.

அந்த வழக்கத்தை ஊர்ப்பெண் ஜெனிலா இன்று காலை சுத்தமாக மறந்துவிட்டாள். மறக்காமல் என்ன செய்வாள்? மண் அள்ள வரும் ஜேசிபி டிரைவர் பெனினைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் அம்மா அமிர்தவல்லியோ, “சரியுற ஊர்ல எனக்குச் சம்பந்தம் வேண்டாம்” என்று ஒரு வருஷமாகச் சாதிக்கிறாள். கடைசியில் மனமிரங்கி, ஊரைப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்வதாக இன்று பஸ் ஏறியிருந்தாள்.

பத்து மணிக்கு பெனினின் போன் வந்தது.

“ஏட்டி... அம்மா... சரி...ட்டு!”

“என்னது? அத்த சரின்னுட்டாவளா?”

லைன் செத்துவிட்டது. அது போனால் போகட்டும்! ஜெனிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்படிக்கு ஓடி, சித்தி பரிபூரணத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“சித்தி, சரின்னுட்டாவ!”

“ஐயோ, எங்கட்டி சரிஞ்சுது?” சித்தி கரண்டியோடு வாசலுக்குப் பாய்ந்து மலையைப் பார்த்தாள்.

“சரியல சித்தி! பெனின் அம்மா சம்மதிச்சிட்டாவ!”

அப்புறம் கேட்க வேண்டுமா! சித்தி அண்டா நிறையக் கேசரி கிண்டினாள். மேளக்காரர் பால்ச்சாமி, கோயில் மணியை அடித்துவிட்டு மேளத்தைத் தோளில் மாட்டினார். வருகிற சம்பந்தியை வழியிலேயே எதிர்கொள்ள ஊரே கேசரி அண்டாவையும் தூக்கிக்கொண்டு ஆடியபடி இறங்கியது.

மூன்றாவது வளைவில் மேளம் நின்றது. சாலையை மறித்து ஆளுயரத்துக்குச் செம்மண் கிடந்தது. அந்தப் பக்கம் பஸ். பக்கத்தில் பெனினின் ஜேசிபி. முன்னால் குடையும் கையுமாக, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அமிர்தவல்லி.

“ரோடு சரிஞ்சதுக்கா மேளம் அடிக்கிய?” என்று கத்தினாள்.

பெனின் சொன்ன ‘சரி’ எந்தச் சரி என்று ஜெனிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மண்ணுக்குள் போய்விடலாம் போல வெட்கம். அதைவிடப் பெரிதாகப் பயம். இந்த ஊர்தான் வேண்டாம் என்றவள் கண்ணெதிரேயே ஊர் சரிந்து கிடக்கிறது.

“நீங்க சரின்னுட்டியன்னு காதுல விழுந்துச்சு, அத்தே...”

“நான் சரின்னதுக்கா இம்புட்டு ஆட்டமும்?”

“ஆமா அத்தே. கேசரியும் இருக்கு.”

பெனின் ஜேசிபியின் கையை மண்மேட்டுக்கு மேலாக நீட்டினான். சித்தி தூக்குவாளியில் கேசரியை நிரப்பி, அதன் மண் அள்ளும் பக்கெட்டில் வைத்தாள். அது ஆகாயத்தில் ஆடி ஆடிப் போய் இறங்கியது. அமிர்தவல்லி ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். ஜெனிலா அந்த வாயையே பார்த்தாள்.

“எங்க வீட்டுல நான் வாய் தொறந்தா டிவி சத்தத்தக்கூடக் குறைக்க மாட்டாவ,” என்று மகனைப் பார்த்துச் சொன்னாள் அமிர்தவல்லி. “இங்க, நான் சொல்லாத சொல்லுக்கே மேளம் அடிக்காவ.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மலை எதிரொலிக்கக் கூவினாள்.

“சரி!”

ஊசிப்பாறை மொத்தமும் அண்டாவைப் போட்டுவிட்டு ஓட்டமெடுத்தது. பால்ச்சாமி மேளத்தோடு முதல் ஆளாக ஓடினார்.

ஜெனிலா மட்டும் அசையவில்லை. சிரிப்பும் அழுகையுமாக இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

“ஆகட்டும், அத்தே!”