பாய்லரில் நின்ற தவமணி

மேடவாக்கத்தில் எஸ்பிரெஸோ இயந்திரத்தின் பாய்லருக்குள் படியும் உப்பு, அந்த வீட்டில் யாருக்குக் காப்பி கொடுக்கப்படவில்லையோ அவருடைய உருவத்தில்தான் படியும். பெரும்பாலான வீடுகளில் அது கூரியர்காரரின் காதாகவோ, சிலிண்டர் கொண்டு வருபவரின் கட்டைவிரலாகவோ இருக்கும். மெக்கானிக் அதைப் பெயர்த்து எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்காரர் உரியவரை அழைத்து, ஒரு காப்பி கொடுத்து, அவருடைய காதை அவரிடம் ஒப்படைப்பார். இதில் யாருக்கும் மனவருத்தம் வந்ததில்லை.

பேராசிரியர் பூங்கோதை தன் பாய்லரில் ஆறு ஆண்டுகளாக ஒரு துகள்கூடப் படியவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அவள் இயந்திரத்தின் கண்ணில் காட்டியதே இல்லை. வடிகட்டிய நீரிலும் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, நிறம் மாறாமல் இருந்தால்தான் ஊற்றுவாள். வெள்ளிதோறும் பாய்லரைக் காலி செய்வாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பைக் கரைத்து ஓடவிடுவாள். அடுக்ககத்துப் பெண்களுக்கு இதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறாள். வீட்டுப் பணியாளர் உரிமை குறித்து அவள் எழுதிய ஆய்வேட்டைப் போலவே அந்த வகுப்பும் பெரிதாகப் பாராட்டப்பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இயந்திரம் சூடேற மறுத்தது. மெக்கானிக் இர்ஃபான் வந்து பாய்லரின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மேடம், முழு ஆளே இருக்காங்க."

அரைச் சாண் உயரத்தில், வெள்ளை வெளேரென்று, உள்ளே தவமணி நின்றிருந்தாள். ஆறு ஆண்டுகளாக அந்த வீட்டில் பாத்திரம் துலக்கித் தரை துடைப்பவள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். வலது கை எதையோ வாங்குவதற்காக முன்னால் நீண்டிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரமாக அவள் தினமும் நிற்கும் அதே நிலை.

"இவளுக்கு நான் தினமும் காப்பி குடுக்கறேனே" என்றாள் பூங்கோதை.

"இந்த மெஷின் காப்பியா?"

"இல்ல, பாக்கெட் தூள். அவளுக்கு அதுதான் பிடிக்கும்."

"அவங்க சொன்னாங்களா?"

ஜன்னல் மேடையில், பாத்திர சோப்புக்குப் பக்கத்தில், எவர்சில்வர் டம்ளர் ஒன்று தனியாகக் கவிழ்ந்திருந்தது. இர்ஃபான் அதைப் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஸ்பேனரைத் துடைத்தார்.

"தனி டம்ளர்ல குடுத்தது சேராது மேடம். கையேட்டுல பன்னெண்டாம் பக்கத்துல போட்டிருக்கு."

பன்னிரண்டாம் பக்கத்தை அவள் படித்திருந்தாள். அது மற்றவர்களுக்காக எழுதப்பட்டது என்று நினைத்திருந்தாள்.

"எலுமிச்சை உப்புல கரைச்சிடலாமா?"

"முகம் வந்துட்டா கரைக்கக் கூடாது. கூப்பிட்டுக் கையில குடுத்துடுங்க. அவங்க வாங்கிக்கிட்டாத்தான் மெஷின் சூடாகும்."

உருவத்தைப் பெயர்த்து எடுத்துச் சமையல் மேடையில் வைத்து, மூடியைத் திரும்ப முடுக்கிவிட்டு அவர் போய்விட்டார். தவமணி பத்தரைக்கு வருவாள். பத்து மணியிலிருந்து பூங்கோதை அந்த உருவத்தின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். நூறு பேர் கூடிய அரங்கில் யாரையும் வார்த்தையால் மடக்கிவிடக்கூடியவளுக்கு, இதைக் கையில் கொடுக்கும்போது சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. தவமணிக்குத் தெரிந்துவிடும். அது ஒன்றை மட்டும் அவளால் தாங்க முடியாது.

கிண்ணத்தில் எலுமிச்சை உப்பைக் கரைத்து, உருவத்தை அதில் நிற்க வைத்தாள். நுரை பொங்கியது. வலது பாதம் கரைந்து முடிந்தபோது அழைப்பு மணி அடித்தது.

தவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னன்னு தெரியலம்மா. லிஃப்ட்ல நல்லாத்தான் ஏறினேன். நடுவுல வலது கால் நுரைச்சுக்கிட்டுப் போச்சு."

பூங்கோதை ஓடிப்போய் உருவத்தை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, தன் முகம் துடைக்கும் துண்டால் ஒற்றி, ஒரு தட்டில் வைத்துச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். தவமணி முதன்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான்தானா? மூக்கு சப்பையா வந்திருக்கே. கால் எங்கம்மா?"

"நான்தான் கரைச்சேன். நீ பாக்கறதுக்குள்ள ஒழிச்சிடலாம்னு."

தவமணி உருவத்தைத் தன் சாப்பாட்டுப் பைக்குள், டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் வைத்தாள். இயந்திரம் சூடேறியது. பூங்கோதை விருந்தாளிகளுக்கான பீங்கான் கோப்பையில் காப்பி இறக்கினாள்.

தவமணி ஒரு வாய் குடித்தாள். "சே, கசப்பு. இதுக்கா இம்மாம் பெரிய மெஷினு?" என்றாலும் முழுவதையும் குடித்து முடித்தாள். அவளுடைய வலது பாதம் திரும்பி வந்தது. விரல்கள் வரவில்லை. நாளைக்கும் கொடுத்தால் நாளைக்கு வரும் என்றாள்.

பிறகு, எழுந்து துடைப்பத்தை எடுத்தபடியே சொன்னாள்:

"எங்க வீட்டு வெந்நீர் அண்டாக்குள்ள உப்பு படிஞ்சு நீங்க நிக்கறீங்கம்மா. ஆறு வருசத்துல ஒரு நாளாவது வீட்டுப் பக்கம் வந்திருந்தா ஒரு வாய் காப்பி குடுத்திருப்பேன். எங்க வந்தீங்க? அண்டா பெருசா, முட்டி உசரத்துக்கு வளந்துட்டீங்க. ரெண்டு குடம் தண்ணிகூடக் கொள்ளல."

"கரைச்சிருக்கலாமே" என்றாள் பூங்கோதை.

"புளித்தண்ணி ஊத்தினா போயிடும்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. அதுல உங்க கால் இருக்கே, எப்படிம்மா ஊத்தறது?"

தவமணி குனிந்து தரையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போங்க. காப்பி போட்டு வெக்கறேன். பெரிய பையா கொண்டாங்க."

"நான் அங்க நின்னுட்டா இருக்கேன்?"

"நின்னுட்டேதான். என் பேத்தியோட பொம்மை நாற்காலியை உள்ள போட்டுக்கூடப் பாத்தேன். உக்கார மாட்டேங்கறீங்க."

பூங்கோதை நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 'பை' என்று எழுதினாள். யோசித்துவிட்டு, தன் உயரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்: முட்டி அளவு.