மெர்லின் பின்னோக்கி நடந்த காலை

காமயகவுண்டன்பட்டித் திருவிழாவில் ஐந்து தலைமுறையாகச் சப்பரத்தின் முன்கொம்பைத் தோளில் ஏற்றுகிற குடும்பம் இஞ்ஞாசிமுத்துவுடையது. அந்த வீட்டில் பிறந்த மெர்லினுக்கு முற்பிறவிகள் நினைவுக்கு வந்தன. ஒரு பிறவியில் சுருளி மலையில் தேன் எடுத்தவள். அந்த நினைவை வைத்துத்தான், பள்ளிச் சுற்றுலாவில் காட்டுக்குள் வழிதவறிய முப்பது பிள்ளைகளைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தாள். "கௌரவமான பிறவிதான்" என்று அப்பா ஒத்துக்கொண்டார். மறுபிறவிப் பேச்சு சர்ச்சுப் பங்குச்சாமி காதில் மட்டும் விழக் கூடாது.

இந்த வாரம் நினைவுக்கு வந்த பிறவிதான் வம்பாகிவிட்டது.

"கமலை இறைச்ச மாடா இருந்திருக்கேன்ப்பா. நம்ம தோட்டத்துலதான்."

"மெல்லப் பேசு ஆத்தா! வரப்புல சுருளியாண்டி நிக்கிறான். ராணியா இருந்தேன்னு சொன்னா என்ன?"

"ராணிக்குக் கிணறு இருக்கிற எடம் தெரியுமாப்பா?"

போர்வெல் வற்றி மூன்று நாளாகிவிட்டது. பந்தலில் பன்னீர் திராட்சை பருக்கும் நேரம். இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் கொத்தெல்லாம் சருகுதான். பந்தலை ஒட்டிய தரிசில் மெர்லினின் தாத்தா காலத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கமலைக் கிணறு ஒன்று மண்மூடிக் கிடந்தது. எந்த இடம் என்று சொல்லத்தான் ஆளில்லை. வாடகைக்கு வந்த ஜே.சி.பி.யோ மதியம் வரைக்கும்தான்.

மெர்லின் தரிசின் நடுவில் நின்று கண்ணை மூடினாள். கழுத்தில் வடம் இறுகியது. தண்ணீர் நிறைந்த தோல் சாலின் பாரம் பின்னால் இழுக்க, தலையைத் தாழ்த்திப் பன்னிரண்டு எட்டு நடந்தாள். கால் தானாக நின்றது.

"இங்கன தோண்டுங்க."

வினோத்ராஜ் ஜே.சி.பி.யின் கையை இறக்கினான். பத்தடிக்கும் காய்ந்த செம்மண்தான்.

"அண்ணே, குப்பை கொட்ட நல்ல குழி!" என்றான் பக்கத்துத் தோட்டத்துச் சுருளியாண்டி.

இஞ்ஞாசிமுத்து குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டார். மெர்லினுக்கு அழுகையே வந்துவிட்டது. கால் பொய் சொல்லியிருக்காது! பாரம் இழுக்கும்போது எந்தப் பக்கம் போனேன்? சட்டென்று உறைத்தது. மாடு முன்னால் நடக்க நடக்கத்தான் சால் மேலே வரும். அப்படியானால் கிணறு முதுகுக்குப் பின்னால்! சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்க, மாடு சரிவில் பின்பக்கமாகவே ஏறிப் போக வேண்டும்.

அவள் குழியின் விளிம்பிலிருந்து கண்ணை மூடிப் பின்னோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"ஊரே பாக்குது ஆத்தா, திரும்பி நட!"

"திரும்புனா தடம் போயிரும்ப்பா."

வடம் தளர்ந்து கழுத்து லேசானது. பத்து, பதினைந்து, இருபது. இருபத்திரண்டாம் எட்டில் எதன்மீதோ போய் முட்டினாள். அப்பா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி.

"நாற்காலிய எடுங்கப்பா. கிணத்து மேல ஒக்காந்திருக்கீக."

ஏழடியில் கல்கட்டு தெரிந்தது. பதினெட்டடியில் மண் சேறானது. மணி பன்னிரண்டுக்குள் முழங்கால் ஆழத்துக்கு ஊறிவிட்டது. வினோத்ராஜ் ஹாரனை அடித்துக் கொண்டாடினான்.

சுருளியாண்டி எட்டிப் பார்த்தான். வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப ஒங்க அய்யா சாட்டையால வெளுத்தது சொந்தப் பேத்தியத்தானாண்ணே?"

இஞ்ஞாசிமுத்து முதுகை நிமிர்த்தினார். "எங்க அய்யா மாட்டைத் தொட்டு அடிச்சவுக இல்ல. வேணும்னா அதுகிட்டயே கேளு."

கேட்கச் சொல்லிவிட்டு அவரே மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது.

மெர்லினுக்கு வலது தொடையில் சுரீரென்றது. சாட்டை நன்றாகவே நினைவிருந்தது. சாயங்காலம் வாயில் ஊட்டிய கருப்பட்டியும் நினைவிருந்தது.

"அடிச்சதே இல்ல. தெனமும் கருப்பட்டி குடுத்தாக."

"கேட்டியாடா?" இஞ்ஞாசிமுத்துவின் குரல் தரிசெல்லாம் கேட்டது. "எம்மக கண்டவன் தோட்டத்துல இழுக்கல. எங்க தோட்டத்துலதான் இழுத்துச்சு. அதுவும் சோடியில ஒசத்தியான வலத்து மாடு!"

மெர்லின் தொடையைத் தடவிக்கொண்டே கிணற்றில் மோட்டாரை இறக்கிப் பந்தலுக்குத் தண்ணீர் திறக்கப் போனாள்.